சென்னையின் தென்புறநகரில் செவிலியர் கல்வி

செவிலியர் கல்வி என்பது நோயாளர் பேணல், மகப்பேற்றுப் பணி, சமூக நலவாழ்வு ஆகியவற்றில் ஒருவரைப் பயிற்றுவித்து, சட்டப்படி பதிவு பெற்ற செவிலியராக ஆக்கும் தொழிற்கல்வி ஆகும். சென்னையின் தென்புறநகர் எனப்படும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் ஆகிய பகுதிகளில் பெரிய மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இதனால் செவிலியர் படிப்பை நாடும் மாணவர்களும், மருத்துவமனையில் முதல் வேலை தேடுவோரும் இப்பகுதியில் மிகுதி. இக்கட்டுரை அப்படிப்புகள், சேர்க்கைத் தகுதி, முன்னேற்பாடு, பதிவு, தொடக்க நிலைப் பணிகள் ஆகியவற்றை விளக்குகிறது.

இந்தியாவில் செவிலியர் என்பது பணி அனுபவத்தால் மட்டும் எட்டக்கூடிய நிலை அன்று. ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் படித்துத் தேறி, மாநில மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தவரே செவிலியர் ஆவார். மருத்துவமனை உதவியாளராகப் பத்து ஆண்டுகள் பணியாற்றினாலும் அவ்வனுபவம் பதிவுக்கு ஈடாகாது. ஆகவே எந்த வழியில் நுழைவது என்னும் முதல் முடிவே பிற்காலம் முழுவதையும் பாதிக்கிறது.

பெயர்

சங்க இலக்கியங்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்ற தாயிலிருந்து வேறுபடுத்த அவள் செவிலித்தாய் எனப்பட்டாள். பேணுதல் என்னும் பொருளை ஒட்டி இச்சொல் தற்காலத் தமிழில் நர்சு என்பதற்கு ஈடாக வழங்குகிறது. செவிலியர் என்ற வடிவம் இரு பாலாருக்கும் பொருந்தும். இலங்கைத் தமிழில் தாதி, தாதியர் ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன.

மருத்துவமனைப் பேச்சு வழக்கில் பெண் செவிலியரைச் சிஸ்டர் என அழைப்பர். சீருடை அணிந்த உதவியாளரையும், வீட்டுப் பராமரிப்புப் பணியாளரையும் பொதுமக்கள் அவ்வாறே அழைப்பதால், பதிவு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரிவதில்லை. இப்பணியில் சேர வரும் இளையோரும் இவ்வேறுபாட்டை அறியாதிருப்பது உண்டு.

வரலாறு

சென்னையில் தொடக்கம்

1664 இல் புனித ஜார்ஜ் கோட்டையில் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனையே பிற்காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. 1854 இல் சென்னையில் மருத்துவச்சியருக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. 1871 இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பயிற்சியை நடத்த இங்கிலாந்திலிருந்து செவிலியர் வரவழைக்கப்பட்டனர். ஏற்கனவே மகப்பேற்றுப் பயிற்சி பெற்றிருந்தோர் முதல் மாணவியராகச் சேர்ந்தனர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909 இல் செவிலியர் பள்ளி உருவாயிற்று. 1946 இல் அங்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இவ்விரண்டுமே இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் ஆகும்.

சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் 1926 இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றம் இச்சட்டத்தின் வழி வந்ததாகும். நாடு முழுவதும் ஒரே தரமான கல்வி வேண்டும் என்னும் நோக்கில் 1947 இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க வகைசெய்யும் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. சில, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பகுதிகளாக இயங்குகின்றன.

தாம்பரம்

தாம்பரத்தின் மருத்துவ வரலாறு காசநோயுடன் தொடங்குகிறது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் நலவாழ்வகம் நடத்தி வந்த மருத்துவர் சௌரிமுத்து, நாடு திரும்பி 1928 இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் ஒரு நலவாழ்வகத்தைத் தொடங்கினார். கணித மேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது மெண்டிப் நலவாழ்வகத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் ஆவார். தாம்பரம் நலவாழ்வகத்தை 1937 இல் அரசு ஏற்றுக்கொண்டது. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது.

காசநோய்க்கு மருந்து இல்லாத அக்காலத்தில் ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை. அதாவது செவிலியர் பணியே சிகிச்சையின் பெரும்பகுதியாக இருந்தது. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு, மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே நோய் குணமாகும் என 1959 இல் நிறுவியது. நோயாளி மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறாரா என வீடு தேடிச் சென்று பார்க்கும் பணியின் தேவையை இவ்வாய்வு உணர்த்தியது.

தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் ஏற்றது. பலர் அந்நோயாளரைத் தொடவும் அஞ்சிய காலம் அது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை எனப்படும் இம்மருத்துவமனையை அடுத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 இல் திறந்து வைக்கப்பட்டது.

படிப்புகள்

பதிவுக்கு வழிசெய்யும் அடிப்படைப் படிப்புகள் மூன்று.

• துணைச் செவிலியர் பட்டயம் (ஏ.என்.எம்.): 2 ஆண்டுகள். பெண்களுக்கு மட்டும் உரியது. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவில் தேறியவரும் சேரலாம். தாய் சேய் நலம், தடுப்பூசி, ஊரகச் சுகாதாரம் ஆகியவை முதன்மைப் பாடங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் பணி இப்பயிற்சியை ஒட்டியது.

• பொதுச் செவிலியம் மற்றும் பேறுகாலப் பணிப் பட்டயம் (ஜி.என்.எம்.): 3 ஆண்டுகள். இந்திய செவிலியர் மன்ற விதிகளின்படி பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் உட்பட 40 விழுக்காடு மதிப்பெண் தேவை. அறிவியல் பிரிவினருக்கு முன்னுரிமை உண்டு. அரசுப் பள்ளிகளுக்கான தகுதியை அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டில் சரிபார்த்தல் வேண்டும்.

• இளம் அறிவியல் செவிலியர் பட்டம் (பி.எஸ்சி. நர்சிங்): 4 ஆண்டுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று 45 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடு போதுமானது. 2021-22 முதல் எட்டுப் பருவங்கள் கொண்ட பருவமுறைப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

மூன்றுக்கும் சேர்க்கை ஆண்டின் திசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருத்தல் வேண்டும்.

பட்டயம் முடித்துப் பதிவு பெற்றோர் 2 ஆண்டு பிந்தைய அடிப்படைப் பட்டப்படிப்பில் சேர்ந்து பட்டதாரி ஆகலாம். அதன்பின் முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் ஆகியவையும் உண்டு. எனவே பணமின்மையால் பட்டயத்தில் சேர்ந்தவருக்கு மேற்படிப்பின் கதவு அடைபடுவதில்லை.

பட்டப்படிப்பைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு பத்தாம் வகுப்பு முடிந்ததும் நிகழ்ந்து விடுகிறது. பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவையோ, உயிரியல் இல்லாத கணினிப் பிரிவையோ எடுத்தவர், பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் பி.எஸ்சி. நர்சிங் சேர இயலாது. மாணவரும் பெற்றோரும் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

சேர்க்கை

அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் இத்தரவரிசை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டு வந்துள்ளது. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இதற்கும் பொருந்தும். நிருவாக ஒதுக்கீட்டு இடங்களைத் தனியார் கல்லூரிகள் தாமே நிரப்புகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி விண்ணப்பம் தேவை. படைத்துறை மருத்துவமனைகளின் செவிலியர் கல்லூரிகளுக்கு 2022 முதல் நீட் தேர்வு மதிப்பெண் பயன்படுத்தப்படுகிறது.

விண்ணப்பத்திற்கு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவையும், பொருந்துவோருக்கு வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவையும் தேவைப்படும். வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் நெரிசலில் காலம் கடக்கக்கூடும். ஆகையால் இவற்றை முன்னரே பெற்று வைத்தல் நலம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்து மாதத்தில் தொடங்கியது.

நிறுவனங்கள்

அரசுத் துறையில் இப்பகுதியினருக்கு அணித்தாக உள்ளவை சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த செவிலியர் கல்வி நிறுவனங்களும் ஆகும். இரண்டையும் தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் அடையலாம். 2014 க்குப் பின் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்து 157 செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க நடுவண் அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அவற்றுள் 11 தமிழ்நாட்டுக்கு உரியவை.

தனியார் மற்றும் அறக்கட்டளை நிறுவனங்களுள் குரோம்பேட்டை ஸ்ரீ பாலாஜி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவற்றின் செவிலியர் கல்லூரிகளும், தரமணியில் மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ நலவாழ்வுச் சேவை (வி.எச்.எஸ்.) மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரியும் குறிப்பிடத்தக்கவை. இப்பட்டியல் முழுமையானதன்று.

ஏற்பைச் சரிபார்த்தல்

ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நர்சிங் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் தமிழ்நாடெங்கும் உள்ளன. இத்தகைய குறுகிய காலச் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு பெற இயலாது. பதிவு இன்றி அரசுச் செவிலியர் தேர்வு, மேற்படிப்பு, வெளிநாட்டுப் பணி எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய குடும்பம், படிப்பு முடிந்த பிறகே இதை அறிய நேர்வது இத்துறையின் பெரும் இழப்புகளுள் ஒன்றாகும்.

சேருமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

• படிப்பின் பெயரும் கால அளவும் மேற்கண்ட மூன்றில் ஒன்றுடன் பொருந்துகின்றனவா?
• தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பட்டியலில் அந்நிறுவனத்தின் பெயர், அப்படிப்புக்கும் அவ்வாண்டுக்கும் உரியதாக உள்ளதா?
• பட்டப்படிப்பு எனில் எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும்?
• மாணவர் நடைமுறைப் பயிற்சி பெறும் மருத்துவமனை எது? அதன் படுக்கைகள் எத்தனை?
• கட்டணத்துடன் விடுதி, சீருடை, தேர்வு, போக்குவரத்துச் செலவுகள் எவ்வளவு?
• படிப்பு முடிந்தபின் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்னும் ஒப்பந்தம் உண்டா?

நிறுவனத்தின் விளம்பரத் தாளை மட்டும் நம்பாமல், மன்றத்தின் பட்டியலை நேரில் அல்லது இணையத்தில் பார்ப்பதே உறுதியான வழியாகும்.

முன்னேற்பாடு

செவிலியர் படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வருவோர் முதலாண்டில் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் அன்று, சொற்களின் புதுமையால் ஆகும். பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரித் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் உடல் உறுப்புகள், நோய்க்குறிகள், அளவைகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ்ப் பெயர்களுடன் எழுதிப் பழகுதல் பயன் தரும். தேர்வு ஆங்கிலத்தில் எழுதினாலும், நோயாளியிடம் பேச வேண்டியது தமிழில். எனவே இரு மொழிச் சொற்களும் தேவை.

அடுத்தது எளிய கணக்கு. மருந்தளவுக் கணக்கில் ஏற்படும் பிழை நோயாளியின் உயிரைப் பாதிக்கக்கூடும். இரு எடுத்துக்காட்டுகள்:

• 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் மருந்துள்ள பாகு ஒன்றில், 500 மில்லிகிராம் கொடுக்குமாறு மருத்துவர் எழுதினால், கொடுக்க வேண்டிய அளவு 500 ÷ 250 × 5 = 10 மில்லிலிட்டர்.
• 500 மில்லிலிட்டர் சிரைவழி நீர்மத்தை 4 மணி நேரத்தில் (240 நிமிடம்) செலுத்த வேண்டும். குழாயின் அளவு மில்லிலிட்டருக்கு 15 சொட்டு. நிமிடத்துக்கு 500 × 15 ÷ 240 = 31.25, அதாவது ஏறத்தாழ 31 சொட்டுகள்.

மூன்றாவது உடல்நலம். நெடுநேரம் நின்று பணியாற்றுதல், நோயாளரைத் தூக்கித் திருப்புதல், இரவுப்பணி ஆகியவற்றுக்கு உடல் பழக வேண்டும். சேர்க்கையின்போது மருத்துவத் தகுதிச் சான்று கேட்கப்படும். ஊசி குத்துவதால் பரவக்கூடிய மஞ்சள் காமாலை பி வகைக்கு எதிரான தடுப்பூசியை உரிய தவணைகளில் போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

படிப்புக் காலம்

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உணவியல், உளவியல், செவிலிய அடிப்படைகள் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. படுக்கை விரித்தல், நோயாளியைக் குளிப்பாட்டல், வெப்பநிலை, நாடி, மூச்சு, குருதி அழுத்தம் பார்த்தல், கை கழுவும் முறை ஆகிய செயல்முறைகள் முதலில் ஆய்வுக்கூடப் பொம்மையிலும் பின்னர் நோயாளர் கூடத்திலும் பயிற்றப்படும். அடுத்த ஆண்டுகளில் மருத்துவ, அறுவைச் செவிலியம், குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலச் செவிலியம் ஆகியவை இடம்பெறும். செய்த பணிகளைக் குறிப்பேட்டில் பதிந்து ஆசிரியரின் கையொப்பம் பெறுதல் கட்டாயம். பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தில் உள்ளகப் பயிற்சி உண்டு.

பதிவு

இறுதித் தேர்வில் தேறியவர் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டம் அல்லது பொதுச் செவிலியப் பட்டயம் பெற்றவர் பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி என்னும் இரட்டைப் பதிவைப் பெறுவார். வேறு மாநிலத்தில் படித்தவர் தமிழ்நாட்டில் பணியாற்றப் பதிவை இங்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாடளாவிய செவிலியர் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது.

தொடக்க நிலைப் பணிகள்

பதிவு தேவையற்ற பணிகள்

ஆயா, வார்டு பாய், மருத்துவமனைப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், வரவேற்பு மற்றும் பதிவு மேசைப் பணியாளர், செவிலியர் உதவியாளர், வீட்டு நோயாளர் பராமரிப்பாளர் ஆகியவை இவ்வகையின. உதவியாளர் பயிற்சிகள் நடுவண் அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழும் நடத்தப்படுகின்றன. நோயாளியைத் துடைத்தல், உணவூட்டல், சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லல் போன்றவை உதவியாளரின் பணி. ஊசி போடுதல், சிரைவழி மருந்து செலுத்துதல் ஆகியவை அவருடைய பணி அல்ல. ஆள் பற்றாக்குறையின்போது அவற்றைச் செய்யச் சொன்னால் மறுப்பதே நோயாளிக்கும் பணியாளருக்கும் பாதுகாப்பானது.

குடும்பச் சூழலால் உடனே வேலைக்குச் செல்ல வேண்டியவருக்கு இப்பணிகள் ஊதியம் தருகின்றன. மருத்துவமனைச் சூழல் தமக்கு ஒத்துவருமா என அறியவும் உதவுகின்றன. ஆயின் செவிலியராக விரும்புவோர் இதனை இடைக்கால ஏற்பாடாகக் கொண்டு, ஓரிரு ஆண்டுகளுக்குள் முறையான படிப்பில் சேர்தல் வேண்டும்.

2008 இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 அவசர ஊர்தி சேவையின் மருத்துவ உதவியாளர் பணிக்குச் செவிலியர் படிப்பு முடித்தவர்களுடன் உயிரியல் சார்ந்த பட்டம் பெற்றோரும் தேர்வு செய்யப்பட்டு வந்துள்ளனர். 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் நோய் தணிப்புச் செவிலியர்களும் வீடுகளுக்குச் செல்கின்றனர்.

பதிவு பெற்றோருக்கான பணிகள்

புதிதாகப் பதிவு பெற்றோரில் பலர் தனியார் மருத்துவமனைகளில் தொடங்குகின்றனர். பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு போன்ற சிறப்புப் பிரிவுகளின் அனுபவம் கிடைக்கும். சிறு மருத்துவமனையில் எல்லா வகை நோயாளரையும் பார்க்கலாம். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் மருந்தளவுக் கணக்கு, தொற்றுத் தடுப்பு, உயிர்காப்பு முதலுதவி ஆகியவற்றில் வினாக்கள் இருக்கும். பணிமுறை நேரங்களையும் கேட்டறிதல் வேண்டும். மின்தொடர்வண்டிகள் நள்ளிரவில் ஓடாதமையால், இரவில் முடியும் பணிக்கு விடுதியோ ஊர்தியோ உண்டா என்பது முதன்மையான வினாவாகும்.

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கு 2012 இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் தேர்வு செய்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு 2020 முதல் பொதுத் தேர்வு நடைபெறுகிறது. அதற்குப் பட்டதாரிகள் அனுபவமின்றியும், பட்டயம் பெற்றோர் 50 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவத்துடனும் விண்ணப்பிக்கலாம். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புவதை 2015 இல் இந்திய அரசு அரசு சார்ந்த முகமைகள் வழியாக மட்டும் என வரையறுத்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இப்பணியைச் செய்கிறது.

ஊதியமும் பணிநிலையும்

தொடக்க ஊதியம் குறைவு என்பது இத்துறையின் நீண்டகாலக் குறையாகும். கட்டாயப் பணி ஒப்பந்தத்தையும் குறைந்த ஊதியத்தையும் எதிர்த்து 2012 இல் சென்னையின் சில தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். 2015 இல் தேர்வு வழியாக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தோருக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் வழங்கப்பட்டது. பணிவரன்முறை கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர்.

உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆம் ஆண்டு ஆணையை அடுத்து நடுவண் அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைகளுக்குப் பின்வரும் பரிந்துரைகளை அளித்தது.

• 200 படுக்கைகளுக்கு மேல்: மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம்
• 100 முதல் 200 வரை: அதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம்
• 50 முதல் 100 வரை: 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம்
• 50 க்குக் கீழ்: மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம்

இவை பரிந்துரைகளே. இவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளைச் சார்ந்தது. ஆயினும் ஊதியம் பற்றிப் பேசும்போது புதிய செவிலியர் இவற்றை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். பணியில் சேரும்போது பணி நியமன ஆணையை எழுத்தில் பெறுதல், மூலச் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளுதல், ஒப்பந்தத்தைப் படித்தபின் கையொப்பமிடுதல், பதிவைக் காலாவதியாகாமல் புதுப்பித்தல் ஆகியவை கடைப்பிடிக்கத்தக்கவை.

இவற்றையும் பார்க்க

• செவிலியர்
• தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்
• ஐடா ஸ்கடர்
• தாம்பரம்
• காசநோய்